இருபத்தைந்துக்குப் பிறகு மூன்று

டுப்.

ஒன்று. இரண்டு. மூன்று.

வாய்க்கால் கரையோடு படுத்திருக்கிறோம். பதினொரு பேர். மூன்று வீட்டுச் சனம். கன்னத்தில் சேறு. ஆடி மாதம். சனிக்கிழமை. காலை ஆறு நாற்பது. நேரம் எனக்குச் சரியாகத் தெரியும். மணிக்கூடு கட்டியிருந்தவன் நான் ஒருவன்தான். அதனால் எண்ணும் வேலையும் என் தலையில் விழுந்தது.

நான்கு. ஐந்து. சத்தமாக எண்ணுகிறேன். பக்கத்தில் என் மனைவி வசந்தி. கல்யாணம் முடித்து ஏழு மாதம். அவளுடைய வலது கைக்குள் தரணியின் கை. தரணி என் அக்காவின் மகள். ஆறு வயது. அவளுக்கு அங்கால் அக்காவும் அத்தானும். கிளிவெட்டிக்கு இன்னும் நிறையத் தூரம் நடக்க வேண்டும். பின்னால் எங்கள் ஊர். அங்கே புகை.

பதினேழு. பதினெட்டு.

விழுகிறது. தள்ளி, வயலுக்குள். சேறு எழும்பித் திரும்ப எங்கள் முதுகில் கொட்டுகிறது. ஒருவருக்கும் ஒன்றுமில்லை.

"எழும்புங்கோ. ஓடுங்கோ."

ஓடுகிறோம்.

அந்தப் பக்கத்தில் வாழாதவர்களுக்கு இதை விளக்க வேண்டும். எறிகணைக்கு இரண்டு சத்தம். முதலாவது அது புறப்படும் சத்தம். டுப். தூரத்தில் யாரோ நெல் மூட்டையை இறக்கிப் போட்டது மாதிரி இருக்கும். இரண்டாவது அது விழும் சத்தம். இரண்டுக்கும் இடையில் உள்ள நேரம்தான் எங்களுக்குச் சொந்தம். டுப் கேட்டவுடன் படுக்க வேண்டும். எண்ண வேண்டும். எங்கள் பக்கத்தில் பதினாறுக்கும் இருபதுக்கும் இடையில் விழும். இருபத்தைந்து வரை சத்தமில்லை என்றால் அது எங்கோ சேற்றில் புதைந்து வெடிக்காமல் கிடக்கிறது. எழும்பி ஓடலாம். அடுத்த டுப் வரை ஓடலாம்.

இதை யாரும் எங்களுக்குப் படிப்பிக்கவில்லை. காது படித்தது. சோறு வடித்துக்கொண்டே எண்ணுகிற பெண்கள் எங்கள் ஊரில் இருந்தார்கள். இன்னொரு விதியும் இருந்தது. ஒருவர் எண்ணும்போது மற்றவர் வாய் திறக்கக் கூடாது. இருமல் வந்தாலும் அடக்க வேண்டும். எண்ணிக்கை குழம்பினால் எல்லோரும் போய்விடுவோம். கைக்குழந்தையின் வாயைக்கூடத் தாய் பொத்திவிடுவாள். இந்த இரண்டாவது விதியை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது டுப் கேட்டபோது ஆறு ஐம்பத்திரண்டு. பாதை ஓரத்துப் பள்ளத்தில் விழுந்து படுத்தோம். எண்ணினேன். பதினாறு. பதினெட்டு. இருபது. சத்தமில்லை. இருபத்தைந்து. சத்தமில்லை.

"முடிஞ்சுது. எழும்புங்கோ. கெதியா."

எழும்பினார்கள். நான் மட்டும் எழும்பவில்லை. தண்ணீர்க் கான் என்னுடைய பொறுப்பு. அதைத் தூக்க முழங்காலில் குனிந்து நின்றேன்.

இருபத்தாறு. இருபத்தேழு. இருபத்தெட்டு.

இந்த முறை வெடித்த சத்தம் எனக்குக் கேட்கவே இல்லை. காது அடைத்துப்போனது. பார்த்தது மட்டும் இருக்கிறது. அதை எழுத மாட்டேன். நின்றவர்களில் நான்கு பேர் இல்லை என்பது போதும்.

இதைத்தான் இத்தனை வருடமும் எல்லோருக்கும் சொல்லி வந்தேன். இது முழுக்கதை இல்லை. மிச்சத்தைப் பிறகு சொல்கிறேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதத் தொடங்கினேன்.

முதலில் என் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். பதினெட்டு வருடமாகப் படிவம் நிரப்புகிறேன். சில வருடத்துக்கு ஒருமுறை விசாரணை என்று யாரோ வருவார்கள். பிளாஸ்ரிக் கதிரையில் இருத்துவார்கள். திகதி என்ன, எத்தனை மணி, எந்தப் பக்கத்திலிருந்து வந்தது. புதிய ஆள், பழைய கேள்வி. ஒரு படிவத்தில் என் அக்காவின் பெயரைப் பிழையாக எழுதினார்கள். திருத்தச் சொன்னேன். அடுத்த படிவத்தில் அக்கா சரி, திகதி பிழை. எந்தப் பக்கத்திலிருந்து என்று கேட்கும்போது எனக்குச் சிரிப்பு வரும். பள்ளத்துக்குள் கவிழ்ந்து கிடந்தவனிடம் திசை கேட்கிறார்கள்.

எல்லாப் படிவத்திலும் ஒரு கட்டம் இருக்கும். காயம். ஓம் அல்லது இல்லை.

"எங்க காயம்?"

"காட்டுறதுக்கு ஒண்டும் இல்லை."

இல்லை என்பதற்கு நேரே கோடு போடுவார்கள். அடுத்த ஆள்.

காட்ட ஒன்றும் இல்லை என்பது உண்மைதான். தோலில் ஒரு கீறல் இல்லை. ஆனால் என் உடம்பு என் சொல் கேட்பதில்லை. கடலில் யாரோ திருட்டுத்தனமாக டைனமைற் போட்டு மீன் பிடிப்பார்கள். டுப். அவ்வளவுதான். நாக்கு காய்ந்துவிடும். கை குளிர்ந்துவிடும். வயிறு தண்ணீராகிவிடும். என்னைக் கேட்காமல் வாய் எண்ணத் தொடங்கும். இருபத்தைந்து வந்ததும் இடது கால் மரக்கட்டையாகிவிடும். எழும்பு என்று சொல்கிறேன். எழும்பாது. கெண்டைச் சதை கல் மாதிரி இறுகிப்போயிருக்கும். கிள்ளினால் வலி தெரியும், அசைக்க மட்டும் முடியாது. சில நாள் இருபத்தெட்டில் விடும். சில நாள் நூறு வரை எண்ண வேண்டும்.

முதல் பத்து வருடம் இது அடிக்கடி வரவில்லை. பாலையூற்றில் வீடு எடுத்துக் குடிவந்த பிறகு அடங்கிவிட்டது என்றுதான் நினைத்தேன். பிறகு திரும்ப வந்தது. சண்டை நின்று சனமெல்லாம் நித்திரை கொள்ளத் தொடங்கிய பிறகு என் கால் விழித்துக்கொண்டது. இதென்ன நியாயம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

வைத்தியம் பார்க்காமல் இல்லை. காலுக்கு எக்ஸ்ரே. நோர்மல். முதுகுக்கு ஸ்கான். நோர்மல். இரத்தம், சீனி, கொழுப்பு. நோர்மல். நெஞ்சு படபடக்கிறது என்று போனேன். இசிஜி எடுத்தார்கள். நோர்மல். ஒருவர் வாய்வு என்றார். ஒருவர் விற்றமின் என்றார். பல்லைக் கடித்துக் கடித்துக் கடைவாய்ப் பல் இரண்டு வெடித்துவிட்டது. பல் டொக்டர் பல்லைப் பிடுங்கினார். எதற்காகக் கடிக்கிறேன் என்று அவர் கேட்கவில்லை. எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதற்கும் ஒரு ரிப்போர்ட் இருக்கிறது. இரண்டு பேருக்கும் நோர்மல். அலுமாரியில் கீழ்த் தட்டு முழுவதும் ரிப்போர்ட். இத்தனை நோர்மலான ஆளை நீங்கள் மாவட்டம் முழுக்கத் தேடினாலும் கண்டுபிடிக்க மாட்டீர்கள்.

வசந்திக்கு இடது காது சரியாகக் கேட்காது. அது அன்று போனது. படிவத்தில் அவளுக்கு ஓம் என்று கோடு விழுந்தது. அது போக அவளுடைய வலது உள்ளங்கை எப்போதும் ஈரமாக இருக்கும். மார்கழிக் குளிரிலும் ஈரம். தோல் உரிந்துகொண்டே இருக்கும். இடது கை உலர்ந்த கை. தோல் டொக்டர்கள் களிம்பு கொடுக்கிறார்கள். பூசுகிறாள். உரிகிறது. திரும்பப் பூசுகிறாள். அந்தக் கையால் அவள் எதையும் இறுக்கிப் பிடிக்க மாட்டாள். நான் அதைப் பற்றிக் கேட்டதில்லை. அவளும் என் கால் பற்றிக் கேட்டதில்லை. அந்த நாளைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் ஒரு சொல் கதைத்ததில்லை. ஒரே குசினியில் சாப்பிட்டுக்கொண்டு, ஒரே கூரைக்குக் கீழே, பதினெட்டு வருடம்.

என் தொழில் பள்ளிக்கூட வான் ஓட்டுவது. இதைக் கேட்டதும் நீங்கள் என்னைத் திட்டுவீர்கள். திட்டுங்கள். நானும் திட்டியிருக்கிறேன். உப்புவெளிப் பக்கத்திலிருந்து எட்டுப் பிள்ளைகள். எல்லாம் சின்னப் பிள்ளைகள். காலையில் ஏற்றி, பகல் ஒன்றரைக்குத் திரும்ப ஏற்றி, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் இறக்க வேண்டும். வான் மாமா என்று கூப்பிடுவார்கள். இடது கால் கிளட்ச். எனக்கு அது தெரியும். தெரிந்துகொண்டே நான்கு வருடம் ஓட்டினேன். வேறு தொழில் தெரியாது என்பது ஒரு காரணம். வானுக்குள் காலையில் பிள்ளைகள் போடும் அந்தச் சத்தம் இல்லாமல் என்னால் இருக்க முடியாது என்பது உண்மையான காரணம்.

இந்த வருடம் பள்ளிக்கூட முதல் தவணையில் கால் ஆறு தடவை மறித்தது. பயந்துபோய் மனநலப் பிரிவுக்குப் போனேன். யாரும் காணக் கூடாது என்று தொப்பி போட்டுக்கொண்டு போனேன். தொப்பி போட்ட இன்னும் மூன்று பேர் அங்கே மர வாங்கில் இருந்தார்கள்.

டொக்டர் இளம் பெண். கிண்ணியா ஆள். நான் கொண்டுபோன ரிப்போர்ட் கட்டை ஒன்று விடாமல் படித்தார். அதுவே எனக்குப் புதினம்.

"எண்ணுறீங்களா?" என்று கேட்டார்.

நான் சொல்லவில்லை. அவரே கேட்டார்.

"எப்பிடித் தெரியும்?"

"எங்கட வாப்பாவும் எண்ணுறவர். எண்ணேக்க நாங்க மூச்சு விடக்கூடாது."

பிறகு விளக்கினார். ஆபத்து வந்தால் உடம்பு நம்மிடம் கேட்டுக்கொண்டு நிற்காது. ஓடும். சண்டை பிடிக்கும். இரண்டும் முடியாவிட்டால் உறைந்துவிடும். அந்த ஆபத்து முடிந்தது என்ற செய்தி சிலருடைய நரம்புக்குப் போய்ச் சேருவதே இல்லை. அது காவலுக்கு நின்றபடியே நிற்கும்.

"அண்டைக்கு எழும்பினவங்க போனாங்க. நீங்க குனிஞ்சு நிண்டீங்க. இருக்கிறீங்க. உங்கட காலுக்கு அது ஒண்டுதான் தெரியும். எழும்பினாச் சாவு. அது உங்களைக் காப்பாத்திக்கொண்டு இருக்கு."

"நான் அதைக் காப்பாத்தச் சொல்லேல்லை டொக்டர். கிளட்சை மிதிக்கச் சொல்லுறன்."

அவர் சிரிக்கவில்லை. "அதுவரைக்கும் நீங்க வாகனம் ஓட ஏலாது" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. இத்தனை வருடம் ஒன்றுமில்லை என்று அனுப்பினார்கள். இப்போது ஒருவர் இருக்கிறது என்கிறார். உடனே வானை நிறுத்து என்கிறார். என்ன மருந்து என்று கேட்டேன். மருந்தும் உண்டு, பயிற்சியும் உண்டு என்றார். பாதத்தை நிலத்தில் ஊன்றி, கண்ணுக்குத் தெரியும் ஐந்து பொருளின் பெயர் சொல்லி, மூச்சை மெதுவாக வெளியே விட வேண்டும். நாற்பத்தைந்து வயது மனிதனுக்கு மூச்சு விடப் பழக்குகிறார். அடுத்த கிளினிக் துண்டைச் சட்டைப் பையில் வைத்தேன். அடுத்த நாள் காலை வானை எடுத்தேன்.

கால் மறிக்கும்போது பிள்ளைகள் பயப்படாமல் இருக்க ஒரு வழி கண்டுபிடித்திருந்தேன். முதல் தடவை நான் எண்ணுவதைக் கேட்டு அவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "விளையாட்டு" என்று சொன்னேன். "எல்லாரும் என்னோட சேர்ந்து எண்ணுங்கோ. எண்ணி முடியுமட்டும் வேற கதை கதைக்கக் கூடாது. கதைச்சவர் தோல்வி." அவர்களுக்கு நல்ல சந்தோசம். அடுத்த தடவை நான் தொடங்குமுன் அவர்களே தொடங்கினார்கள்.

என் வாயிலிருந்து அது எவ்வளவு லேசாக வந்தது என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன்.

செவ்வாய்க்கிழமை. பகல் ஒன்று நாற்பது. உப்புவெளி தாண்டி ஒரு வளைவு. வானுக்குள் எட்டுப் பேர். தண்ணீர்ப் போத்தல் உருளும் சத்தம். யாரோ பாட்டுப் படிக்கிறார்கள். கண்ணாடி இறக்கியிருக்கிறது. கடல் காற்று.

டுப்.

கடலுக்குள். நல்ல பெரிய டைனமைற். வலது கால் பிரேக்கை அமத்துகிறது. இடது கால் அசையவில்லை. எஞ்சின் குலுங்கி நிற்கிறது. நடு ரோட்டில் நிற்கிறோம். வளைவில் நிற்கிறோம்.

ஒன்று. இரண்டு. மூன்று. என் வாய். பின்னால் எட்டு வாய். பாட்டு நின்றுவிட்டது. இறங்கு என்று எனக்கு நானே சொல்கிறேன். பிள்ளைகளை இறக்கு. கை ஸ்ரியரிங்கை விடவில்லை. டொக்டர் சொன்ன ஐந்து பொருள். கண்ணாடி. சாவி. வேறு ஒன்றும் கண்ணுக்குத் தெரியவில்லை. சேறுதான் தெரிகிறது. பத்து. பதினொன்று. எட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து எண்ணுகிறார்கள். பிசகாமல் எண்ணுகிறார்கள். ஒருவரும் வேறு கதை கதைக்கவில்லை.

பத்தொன்பதில் ஹோர்ன். நீண்ட ஹோர்ன். டயர் தேயும் சத்தம். வலப்பக்கம் முழுவதும் ஒரு பஸ். படார் என்று என் பக்கத்துக் கண்ணாடி பறக்கிறது. வான் ஒருமுறை ஆடி நின்றது. பஸ் முன்னால் போய், கரையில் மணலுக்குள் சரிந்து நின்றது. சாரதி இறங்கி வந்து என்னை என்னவெல்லாமோ சொன்னார். எல்லாம் சரி. பிள்ளைகளுக்கு ஒரு கீறல் இல்லை.

பின் ஆசனத்தில் ஹனா. ஆறு வயது. பின் கண்ணாடிப் பக்கம் திரும்பி முழங்காலில் இருப்பாள். எப்போதும் அப்படித்தான் இருப்பாள். கால் விட்டதும் கதவைத் திறந்து அவளிடம் போனேன்.

"ஹனா, பஸ் வாறதைக் கண்டனீங்களா?"

"ஓம் மாமா. தூரத்திலயே கண்டன்."

"ஏனம்மா சொல்லேல்லை?"

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். இதுகூடத் தெரியாதா என்ற பார்வை.

"எண்ணேக்க கதைக்கக் கூடாதுதானே."

எல்லோரையும் வீட்டில் இறக்கினேன். எப்படி ஓட்டினேன் என்று தெரியாது. கடைசியாக ஹனாவின் வீடு. அவளுடைய உம்மா வாசலில் நின்றார். உடைந்த கண்ணாடியைப் பார்த்தார். நான் வாய் திறக்குமுன் அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். "அண்ணன், உங்கட எண்ணுற விளையாட்டு இவளுக்கு நல்லாப் புடிச்சிட்டு. நேத்து குசினியில சட்டி விழுந்த சத்தத்துக்கு மேசைக்குக் கீழ பூந்து எண்ணுறா. கூப்பிட்டாலும் பதில் இல்ல."

எனக்கு அந்த இடத்தில் வாந்தி வந்தது. மதில் ஓரமாக எடுத்தேன். ஹனாவின் உம்மா தண்ணீர் கொண்டுவந்து தந்தார். வெயில் என்று நினைத்தார்.

வீட்டுக்கு வந்தபோது மணி இரண்டரை. வசந்தி குசினியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வான் சாவியை அவளுக்கு முன்னால் வைத்தேன். நடந்ததைச் சொன்னேன். பஸ், கண்ணாடி, ஹனா. பஸ்ஸைக் கண்டும் அந்தப் பிள்ளை பேசாமல் இருந்ததைச் சொன்னேன். அவளுக்கு நல்ல காதுப் பக்கமாக இருந்துதான் சொன்னேன்.

வசந்தியின் கை நின்றுவிட்டது. கீரை மடியில் கிடந்தது.

அப்போதுதான் மிச்சத்தைச் சொன்னேன். பதினெட்டு வருடம் ஒருவருக்கும் சொல்லாதது. "வசந்தி, அண்டைக்கு நான் ஒன்பது எண்ணேக்க இன்னொரு டுப் கேட்டது."

கேட்டது. ஐம்பது மீற்றர் தள்ளி ஒரு உழவு மெஷின் நின்றது. சனம் அதன் இழுவைப் பெட்டிக்குள் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பெட்டியின் பின்பலகை விழுந்த சத்தம் என்று நினைத்தேன். நினைக்க விரும்பினேன் என்றும் சொல்லலாம். முதல் எறிகணை சேற்றில் புதைந்தது. அதற்குத்தான் நான் இருபத்தைந்து எண்ணினேன். ஒன்பதில் புறப்பட்டது வேறொன்று. ஒன்பதும், அது வந்து விழ எடுத்த பத்தொன்பதும் இருபத்தெட்டு. அந்தக் கணக்கை நான் எத்தனை ஆயிரம் தடவை போட்டிருப்பேன். என்னுடைய எழும்புங்கோவில் நான்கு பேர் போனார்கள்.

அழுவாள் என்று நினைத்தேன். அடிப்பாள் என்றும் நினைத்தேன். இரண்டும் செய்யவில்லை. வலது கையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஈரமாக இருந்தது.

"நானும் கேட்டனான்" என்றாள்.

"என்ன?"

"ரெண்டாவது டுப். எனக்கும் கேட்டது. நீங்க ஒன்பது சொல்லேக்க."

எனக்குக் கோபம்தான் வந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன். "அப்ப ஏன் சொல்லேல்லை?"

"நீங்க எண்ணிக்கொண்டிருந்தீங்க."

அடுப்பில் சோறு கொதித்தது.

"எண்ணுறவருக்குத் தெரியும் எண்டு நினைச்சன்" என்றாள். "நீங்க எழும்பச் சொன்னீங்க. தரணி மாட்டன் எண்டாள். அவளும் கேட்டிருப்பாள். இந்தக் கையாலதான் இழுத்து எழுப்பினனான்."

நான் எழும்பி அவளிடம் போக நினைத்தேன். டுப் ஒன்றும் கேட்கவில்லை. ஆனாலும் கால் வரவில்லை. நிலத்தில் இருந்தபடியே நகர்ந்து நகர்ந்து போனேன். சிரிப்புக்குரிய காட்சிதான். அவளுடைய கையைப் பிடித்தேன். உரிந்த தோல். ஈரம். அவள் கையை இழுக்கவில்லை. சோறு அடிப்பிடித்து மணந்தது. நாங்கள் எழும்பவில்லை.

அடுத்த நாள் காலை சைக்கிளில் போனேன். எட்டு வீடு. ஒவ்வொரு வாசலிலும் நின்று உள்ளதைச் சொன்னேன். என் கால் இப்படி. நான் மறைத்தேன். உங்கள் பிள்ளைகளை வைத்துக்கொண்டு மறைத்தேன். ஒருவர் கதவைச் சாத்தினார். ஒருவர் தேத்தண்ணீர் தந்தார். ஒரு தகப்பன் கேட்டைப் பிடித்தபடி, "எனக்குக் கை இப்பிடி நடுங்கும் அண்ணை, வெடிச் சத்தத்துக்கு" என்று மெல்லச் சொல்லிவிட்டு உள்ளே போனார். ஹனாவிடம் தனியாகக் கதைத்தேன். விளையாட்டு முடிந்தது என்றேன். இனி ஏதாவது வருவதைக் கண்டால், யார் எண்ணினாலும், யார் படித்தாலும், யார் தொழுதாலும் கத்த வேண்டும் என்றேன்.

"வெருட்டிப் போடுவாங்களே மாமா."

"வெருட்டினாலும் கத்துங்கோ."

தலையாட்டினாள். நம்பினாளா என்று தெரியாது.

பிறகு ஒரு வேலை செய்தேன். அந்தப் பள்ளத்தில் கிடந்தவர்களில் உயிரோடு இருப்பவர்களைத் தேடினேன். எங்களோடு வந்த பொன்னுத்துரை ஐயா அன்று போனார். அவருடைய மனைவி பிறகு அகதி முகாமில் இறந்துபோனார். மகன் வெளிநாட்டில். பக்கத்து வீட்டு யோகம் அக்காவும் இரண்டு மகள்மாரும் கிளிவெட்டியில் இருக்கிறார்கள். எல்லோரிடமும் ஒரே கேள்வி. எந்தப் படிவத்திலும் இல்லாத கேள்வி. ஒன்பதில் ஒரு சத்தம் கேட்டதா?

யோகம் அக்கா, கேட்டது தம்பி என்றார். மூத்த மகள் கேட்டது என்றாள். அப்போது அவளுக்குப் பதினான்கு வயது. தாய் வாயைப் பொத்தியிருந்தாளாம். இளையவளுக்கு ஒன்றும் நினைவில்லை. ஆனால் யாராவது எண்களைச் சத்தமாகச் சொன்னால் மூக்கால் இரத்தம் வரும் என்றாள். பொன்னுத்துரை ஐயாவின் மகனைத் தொலைபேசியில் பிடித்தேன். "ஓம் ரவி அண்ணை" என்றான். தொடர்பைத் துண்டித்துவிட்டான்.

இப்போது மாதம் இரண்டு தடவை கிளினிக் போகிறேன். வசந்தியும் வருகிறாள். தொப்பி போடுவதில்லை. பாதத்தை நிலத்தில் ஊன்றுகிறேன். ஐந்து பொருள் சொல்கிறேன். போன வாரம் கடலில் டுப் கேட்டது. வாய் எண்ணத் தொடங்கியது. பன்னிரண்டில் வசந்தி குறுக்கே வந்து, "கீரையா, பருப்பா?" என்று கேட்டாள். வேண்டுமென்றே கேட்டாள். எண்ணிக்கை குழம்பியது. பயத்தில் உடம்பெல்லாம் வேர்த்தது. பருப்பு என்றேன். கால் விட்டது. சுகம் வந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒரு தடவை விட்டது. அவ்வளவுதான்.

கடைசியில் கணக்குக் கேட்பார்கள். தருகிறேன். ஒழுங்காக எழுதிக்கொள்ளுங்கள்.

போனவர்கள் நான்கு பேர். அக்கா செல்வராணி, முப்பத்திரண்டு வயது. அத்தான் குமாரசாமி, முப்பத்தாறு. பொன்னுத்துரை ஐயா, அறுபது தாண்டியவர். தரணி, ஆறு.

போன பொருட்கள். ஒரு சைக்கிள். ஒரு தண்ணீர்க் கான். அக்காவின் தையல் மெஷின். கட்டி வைத்த இரண்டு ஆடு. ஒரு வீடு.

படிவத்தில் இல்லாதவை. என் இடது கால். வசந்தியின் வலது கை. யோகம் அக்காவின் இளைய மகளின் மூக்கு இரத்தம். எனக்குக் கடைவாய்ப் பல் இரண்டு. பிறக்காத பிள்ளைகள், எத்தனை என்று சொல்ல முடியாது. வசந்தியும் நானும் கதைத்திருக்க வேண்டிய பதினெட்டு வருடம். ஒரு வான். எட்டுப் பிள்ளைகளின் காலைச் சத்தம். ஹனா மேசைக்குக் கீழே இருந்த நேரம்.

பள்ளத்தில் படுத்திருந்தவர்கள் பதினொரு பேர். ஒன்பதில் அந்தச் சத்தம் கேட்டது என்று இன்று சொல்பவர்கள் ஐந்து பேர். போன நான்கு பேரிடம் கேட்க வழியில்லை. தரணிக்குக் கேட்டது என்று வசந்தி சொல்கிறாள்.

எண்ணிக்கொண்டிருந்தவனை மறித்தவர்கள், ஒருவரும் இல்லை.